வீட்டுக்கு இரண்டு எலி

என் மகள் எலி வளர்க்க வேண்டும் என்று கேட்டபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே "முடியாது" என்றேன். அவள் அசரவில்லை. முதல் தடவை கேட்டதற்கு நான் எப்போது சரி என்று சொல்லியிருக்கிறேன்? பையைச் சுவரோரம் போட்டுவிட்டு, எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் கதை நீளும் என்று அர்த்தம்.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவள் அப்பா வைத்தது. பேச்சு வந்த நாளிலிருந்து வாதாடாமல் ஒரு வாய் பால்கூடக் குடித்ததில்லை.

"எலிதானேம்மா. நாயா கேட்டேன், குதிரையா கேட்டேன்?"

"குதிரை கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

"உனக்கென்ன எலின்னா பயமா?"

இந்தக் கேள்வியை வேறு எந்த அம்மாவிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். என் பிழைப்பே எலியோடுதான். ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில், எலிகளை வைத்திருக்கும் பகுதியில் எனக்கு வேலை. எல்லாம் வெள்ளை எலி, சிவப்புக் கண். காலையில் போனதும் உடை மாற்றி, தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க், கைக்கு மெல்லிய கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால் சாயங்காலம்வரை அவைதான் எனக்குத் துணை. கூண்டை மாற்றுவேன், மரத்தூளை மாற்றுவேன், தண்ணீர் பாட்டிலின் மூக்கில் சொட்டு வருகிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பேன். இதெல்லாம் யாரும் செய்யலாம். முக்கியமான வேலை எலியைப் பழக்குவது. புதிதாக வந்த எலிகளைத் தினமும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துவைத்து, மனுஷக் கை என்றால் ஒன்றும் செய்யாது என்று அவற்றுக்குப் புரியவைக்க வேண்டும். எலி பயந்தால் அதன் ரத்தமே மாறிவிடுமாம், ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். எலி பயப்படாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை மகளிடம் நான் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அவளும் ஸ்கூலில் போய், எங்கம்மா எலிகளுக்கு டீச்சர் என்று சொல்லிவைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த எலிகள் என்ன ஆகும் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்காததற்கெல்லாம் எதற்கு நாமே வாயைக் கொடுக்க வேண்டும்?

ஆராய்ச்சி முடிகிற அன்று, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டாக்டரம்மா ஊசியோடு வருவார். எலியைப் பிடித்துக்கொள்வது நான். தோளுக்கு மேலே கையைக் கொடுத்து, கட்டைவிரலை முன்னங்காலுக்கு அடியில் வைத்து, பின்பக்கத்தை இன்னொரு உள்ளங்கையில் தாங்கி, வயிறு அவர் பக்கம் தெரியும்படி திருப்பிக் காட்ட வேண்டும். என்னிடம் எலி திமிறாது. இத்தனை நாள் பழகிய கை. ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் உயிர் அடங்கிவிடும், கையில் கனம் வேறு மாதிரி தெரியும். அடுத்த எலி. யாராவது செய்தாக வேண்டிய வேலை, நான் ஒழுங்காகச் செய்கிறேன். அதற்காக எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் வீட்டில் ஒரு எலிக்குப் பேர் வைத்துக் கொஞ்சிவிட்டு, மறுநாள் அங்கே போய் அதே கையை நீட்ட என்னால் முடியாது. மகளுக்குத் தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயமும் இருந்தது. இருந்தது என்ன, அதுதான் பெரிய பயம்.

நல்லவேளையாகக் கையில் ஒரு விதி இருந்தது. எலி அறைக்குள் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எலி வளர்க்கக் கூடாது. வெளி எலியைத் தொட்டுவிட்டாலே ஒரு வாரம் உள்ளே விடமாட்டார்கள். வெளி எலியின் கிருமி ஒன்று உள்ளே வந்தால் மொத்தக் கூண்டும் காலி.

"விதிடி. நான் போட்டதில்ல" என்று முடித்தேன்.

விதி என்று சொன்னால் வக்கீல் அடங்கிவிடுவாளா?

முதலில் அப்பாவைப் பிடித்தாள். என் கணவர் வேன் ஓட்டுகிறார். வீட்டு விஷயத்தில் அவரிடம் கடைசியாகப் பேசியது யாரோ அவர் கட்சி.

"எலி வந்தா என் சாக்ஸைக் கடிக்குமா?" என்று கேட்டார்.

"கடிக்கும்" என்றேன்.

"அப்ப வேண்டாம்."

"கூண்டுக்குள்ளதானேப்பா இருக்கும்" என்றாள் மகள்.

"அப்ப சரி."

"அம்மாவுக்கு வேலைல விதி இருக்கு. வளத்தா பிரச்சினை" என்றேன்.

"அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அடுத்து அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்கினாள். ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, செய்தித்தாளைக் கிழித்து உள்ளே பரப்பி, அப்பாவின் சாக்ஸ் இரண்டைப் பந்தாகச் சுருட்டி அதில் வைத்தாள். அவைதான் எலிகள். காலையும் மாலையும் அவற்றுக்குத் தண்ணீர் வைத்தாள், தாளை மாற்றினாள், வெளியே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். எலி கடிப்பதற்கு முன்னாலேயே சாக்ஸ் போய்விட்டது என்று என் கணவர் புலம்பினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆனால் அவள் தாளை முழுக்க எடுத்துக் குப்பையில் கொட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"மொத்தத்தையும் மாத்தக் கூடாதுடி. பழசு கொஞ்சம் விட்டு வைக்கணும். அதோட வாசனை அதுல இருந்தாதான் அதுக்கு இது நம்ம வீடுன்னு தெரியும்."

அவள் தலையைத் தூக்காமல் "சரிங்க டீச்சர்" என்றாள். அட, நானாகப் போய் மாட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்கு ஸ்டோர்காரர் வந்தார். மூட்டை, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர். எனக்கு ஒருநாள் முடியாமல் போனால் மாற்றாள் வேண்டுமே என்று டாக்டரம்மா அவரை என்னிடம் பழக அனுப்பினார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. ஆனால் எலியைக் கண்டால் உதறல். நாங்கள் போடுகிற மெல்லிய கிளவுஸ் போதாது என்று தடித்த தோல் கிளவுஸ் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டிக்கொள்வார். அதைப் போட்டால் விரலுக்கு அளவு தெரியாது. கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, வெடிக்கப்போகிற வெடியை எடுப்பது மாதிரி எடுப்பார். எலி கத்தும். எலி கத்தினால் அவரும் கத்துவார்.

இதை நான் ராத்திரிச் சாப்பாட்டில் நடித்துக் காட்டினேன். அடுப்புத் துணி இரண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மகளும் நடித்தாள். என் கணவருக்குப் புரையேறிவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"அந்த எலிக்கு வலிச்சிருக்குமா?"

"வலியை விட பயம்தான். நசுங்கப் போறோம்னு நினைச்சுக்கும்."

"அய்யோ பாவம்" என்று துணியைக் கழற்றி வைத்தாள்.

ஒரு நாள் அவளுக்கு ஸ்கூல் சீக்கிரம் விட்டது. என்னோடு வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் ஆராய்ச்சிக் கூடத்து வாசல் காவலரின் அறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வரும்போது டாக்டரம்மாவின் கார் நின்றிருந்தது. கார் ஜன்னலில் என் மகளின் தலை.

"நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. வீட்ல எலி வளத்தா எங்கம்மாவை வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா சிரித்தார்.

"தூக்கலாம் மாட்டோம். எலி ரூமுக்குள்ள விடமாட்டோம், அவ்வளவுதான். கூண்டு கழுவற பக்கம் மாத்திடுவோம். அங்க இருக்கறவங்க எது வேணா வளக்கலாம்." என்னைப் பார்த்ததும், "ஏன்க்கா, வளக்கற யோசனை இருக்கா? நிஜமாவே கழுவற பக்கம் ஆள் இல்லாம தவிக்கிறேன். உங்க இடத்துக்கு ஸ்டோர்காரரைப் போட்டுடலாம்" என்றார்.

"அவரா மேடம்?"

"பழகிடுவார்."

"பழகுவாரா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "உங்க கை அவருக்கு வராதுதான். அதுக்காக உங்களையே எத்தனை வருஷம் அங்க கட்டிப் போடறது? நீங்களும் மனுஷிதானே. யோசிச்சு சொல்லுங்க."

பஸ்ஸில் என் மகள் சாமியாடாத குறை. "ஓட்டை இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்! விதின்னு சொல்லி என் காதுல பூ சுத்தினியேம்மா! கழுவற பக்கம் போனா உனக்கும் நல்லதுதானே? அந்த மாஸ்க், தலைக்கு மூடி, எதுவும் வேண்டாம்."

"பாக்கலாம்."

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் பாதி சம்மதம். அது அவளுக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க என் மனம் ஒரு நிலையில் இல்லை. அப்போது நான் பழக்கி வைத்திருந்த ஒரு கூட்டம் எலி இருந்தது. அடுத்த புதன்கிழமை அவற்றின் ஆராய்ச்சி முடிகிறது. நான் இடம் மாறினால் புதன்கிழமை அவற்றைப் பிடிக்கப்போவது ஸ்டோர்காரர். கூண்டைத் திறந்தால் என் கையின் மேல் தாமாக ஏறிக்கொள்கிற எலிகள். அவற்றுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது, கடைசியில் அவை பயப்படாமல் பார்த்துக்கொள்வது. அதைக்கூட விட்டுவிட்டுப் போகலாமா? போகலாம் என்று ஒரு மனம் சொன்னது. காலத்துக்கும் நானேதான் பிடிக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறதா என்ன? ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை மகள் பெட் ஷாப்புக்கு இழுத்தாள். "சும்மா பாத்துட்டு வரலாம்மா. பாக்கறதுக்கு விதி இல்லையே?"

"பாக்கறதோட சரி. நான் எதையும் தொட மாட்டேன்" என்று சொல்லித்தான் கிளம்பினேன்.

அது நீளமான, குறுகலான கடை. ஒரு பக்கம் மீன் தொட்டிகள், மறுபக்கம் கிளிகள். கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலிகள். பழுப்பும் வெள்ளையும் கறுப்பும் கலந்து, திட்டுத் திட்டாக. இத்தனை நிறத்தில் எலி பார்த்து எனக்குப் பழக்கமில்லை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களைக் கவனித்தார். மகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் அவர் மேஜைப் பக்கம் இருந்த தனிக் கூண்டைப் பார்த்தேன்.

அதில் ஒரே ஒரு எலி, மடித்த துண்டின் மேல் படுத்திருந்தது. ரோமம் உதிர்ந்து தோல் தெரிந்தது. முதுகு கூன் விழுந்திருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. ஒரு கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெள்ளை.

"இதை இங்க வைக்காதீங்க. ஏதோ பெரிய வியாதி. முதுகெலும்பு போயிருக்கு, ரோமம் கொட்டியிருக்கு, கண்ணும் போயிடுச்சு. மத்த எலிக்கெல்லாம் ஒட்டிக்கும்" என்றேன்.

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி முதலில் எலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வியாதியா? வியாதியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அதுக்கு வயசாயிடுச்சு."

நான் கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"நம்ம வீட்டு எலி. பிள்ளைங்க வளத்தது. பகல்ல தனியா இருக்குமேன்னு கடைக்குக் கொண்டாந்துடறேன்" என்றார். பாலில் நனைத்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கம்பி வழியாக நீட்டினார். கிழட்டு எலி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. மெதுவாகக் கடித்தது. பாதியில் களைத்துப்போய், ரொட்டியைப் பிடித்தபடியே கண்ணை மூடியது.

எத்தனை எலி என் கை வழியாகப் போயிருக்கும்! அதில் ஒன்றுகூடக் கிழடானதில்லை. எலிக்கு வயசானால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. எலியைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கலாம் என்று நினைத்திருந்தவளுக்கு இது தெரியவில்லை. அந்த எலி திரும்பக் கண் திறந்து மீதி ரொட்டியைத் தின்னும்வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. கண்ணெதிரே ஓர் எலி கிழடாவதைப் பார்க்க வேண்டும், பாலில் நனைத்த ரொட்டி கொடுக்க வேண்டும், அது தானாகப் போகும்வரை கூட இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் மகளைவிட எனக்குத்தான் எலி அதிகம் வேண்டியிருந்தது.

"சரிடி. ரெண்டு எடுத்துக்க" என்றேன்.

"என்னது?"

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். கழுவற பக்கம் போயிடறேன்."

அவள் போட்ட கூச்சலில் கிளிகள் எல்லாம் கத்தின. முகத்தில் பழுப்பு முக்காடு போட்ட மாதிரி இருந்த ஒன்றைக் காட்டினாள். கடைக்காரர் கையை விட்டு அதன் வாலைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"வாலைப் பிடிக்காதீங்க!" என்று அவர் கையைத் தட்டிவிட்டு நானே எடுத்தேன். தொடக் கூடாது என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. அதுதான் அங்கிருந்து மாறப் போகிறேனே. எடுத்த வேகத்தில் கை தன் வேலையைத் தானே செய்தது. கட்டைவிரல் முன்னங்காலுக்கு அடியில் போனது. மறு உள்ளங்கை பின்பக்கத்தைத் தாங்கியது. எலி திமிறாமல் அடங்கியது. நான் அதைத் திருப்பி, வயிறு தெரியும்படி மகளிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டியபடி குழம்பி நின்றாள். "ஏம்மா இப்படி மல்லாக்கத் திருப்பிக் காட்டுற? வயித்தையா தடவிக் குடுக்கணும்?"

அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன்.

"இல்ல. ஊசி போடறதுக்கு இப்படித்தான் பிடிக்கணும்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"என்ன ஊசி?"

தடுப்பூசி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் மேஜைப் பக்கம் அந்தக் கிழட்டு எலி படுத்திருந்தது, அதைப் பார்த்து நான் உளறியதையும் அவள் கேட்டிருந்தாள். எலியைப் பெட்டிக்குள் விட்டேன். "இதோ வந்துடறோம்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவளை வெளியே கூட்டிப் போனேன்.

கடை வாசல் படியில் உட்கார்ந்து சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். என் மகள் குறுக்கே பேசாமல் ஒரு விஷயத்தைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"எல்லாத்தையுமா?" என்றாள் கடைசியில்.

"எல்லாத்தையும்."

"அதனாலதான் வயசான எலியை உனக்குத் தெரியலையா?"

"ஆமா."

"நீயா ஊசி போடுவ?"

"டாக்டரம்மா போடுவாங்க. நான் பிடிச்சுக்குவேன்."

"அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் பிடிச்சா தெரியாது."

அவள் என்னைவிட்டு நகர்ந்து உட்காருவாள் என்று காத்திருந்தேன். நகரவில்லை. ஆனால் என் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒருவர் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கழுவற பக்கம் போயிட்டா யார் பிடிப்பாங்க?"

"ஸ்டோர்காரர்."

"அந்த கிளவுஸ் போட்டுக்கிட்டா?"

"ஆமா."

எழுந்து கடைக்குள் போனாள். எலியை வாங்கி வரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், கடைக்காரரிடம் ஏதோ சொன்னாள். ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்த அட்டைப்பெட்டியை அவர் மறுபடி மடித்துக் கீழே வைத்தார். வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி? நான்தான் சரின்னுட்டேனே?"

"வேண்டாம்மா."

"இங்க பாரு, மாறறதுன்னு முடிவாயிடுச்சு. ரெண்டே ரெண்டு எலி. பகல்ல தூங்கப் போகுது. நானே பாத்துக்கறேன், உனக்கு ஒரு வேலையும் இல்ல." என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "எனக்கு வேணும்டி. நிஜமாவே வேணும்."

"தெரியும்மா. அந்த எலியை நீ பாத்ததைப் பாத்தேன்." கடைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா அந்தாளு பிடிச்சா அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்."

எத்தனையோ வாதத்தில் அவள் என்னை மடக்கியிருக்கிறாள். எரிச்சல் வரும், சிரிப்பு வரும். அன்றைக்கு அழுகை வந்தது. போகிறவர் வருகிறவர் பார்க்க, கடை வாசலில் நின்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் எங்கயும் போகல. புதன்கிழமை நானே பிடிக்கறேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா. நீ அதைத் தொட்டுட்டியே."

விதியை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தது அவள்தானே. வெளி எலியைத் தொட்டால் ஒரு வாரம். நான் என் வலது கையைப் பார்த்தேன், இடது கையையும் பார்த்தேன். இரண்டாலும்தான் பிடித்தேன். ஏதோ ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்கினால் எனக்கென்ன வந்தது? அந்த எலிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்கு வரைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் அதில்தான்.

"யாருக்கும் தெரியாதேம்மா" என்று என் மகள் மெல்லச் சொன்னாள். சொன்னதுமே, "இல்ல, சொல்லிடு. மத்ததுங்களுக்கு ஏதாவது வந்துடும்" என்றாள்.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"புதன்கிழமைன்னு தெரியும்லக்கா?"

"தெரியும் மேடம். தள்ளிப் போட முடியாதா?"

"முடியாதுக்கா. தேதி மாறினா இவ்வளவு நாள் செஞ்சதும் வீண். அதுங்களைக் கஷ்டப்படுத்தினதுக்கும் அர்த்தம் இல்லாம போயிடும்."

"அந்தத் தோல் கிளவுஸை மட்டும் கழட்டச் சொல்லுங்க. எடுத்த உடனே திருப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் உடம்போட அணைச்சு வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம்."

"சொல்றேன்க்கா."

புதன்கிழமை நான் வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்பத் துவைத்தேன். மகள் ஸ்கூலிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அப்போதுதான் ஸ்டோர்காரர் போன் செய்தார்.

"முடிஞ்சுதுக்கா."

"கிளவுஸ்?"

"கழட்டிட்டேன்க்கா. நீங்க சொன்ன மாதிரிதான் அணைச்சு வச்சிருந்தேன். சத்தியமா வச்சிருந்தேன். என் கை நடுங்குதுக்கா, நான் என்ன பண்ண?"

"எல்லாமா கத்துச்சு?"

"எல்லாம்தான்க்கா" என்றார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. "பரவால்ல, போய் முகம் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்துச்சாம்மா?"

"கத்துச்சு" என்றேன்.